சேர்வாண்டிஸின் தாயார் யார்?

கடந்த வாரம் வந்த கடிதங்களுள் ஒன்றில் நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "எங்கள் குடும்பப் பெயர் பெர்னாண்டோ. ஸ்பெயினிலும் இப்பெயர் வழங்குகிறதாமே, அப்படியானால் எங்கள் மூதாதையர் ஸ்பானியரா?" பதில் எழுத முனைந்த நான், ஸ்பானியப் பெயர்களைப் பற்றிச் சற்றே தேடவேண்டியதாயிற்று. அத்தேடலில் 'டொன் கிஹோட்டே' நாவலாசிரியர் மிகேல் டி சேர்வாண்டிஸ் சாவேட்ரா வந்து வழிமறித்துக் கொண்டார்.

ஸ்பானியருக்குக் குடும்பப் பெயர்கள் இரண்டு. வழக்கமாக முதலாவது தந்தையுடையது, மற்றது தாயுடையது. மணமான பின்பும் பெண் தன் பெயரை இழப்பதில்லை. கவிஞர் கார்சியா லோர்காவை நாம் லோர்கா என்கிறோமே, அது அவருடைய தாயாரின் பெயர். ஓவியர் பிக்காசோவும் அப்படித்தான். தந்தை பெயர் ருயிஸ். முன்னோரைத் தேடுவோருக்கு இது பெரிய வசதி. நம்மிடையே பாட்டியின் பெயரோடு பாட்டியின் வழியே மறைந்துவிடுகிறது அல்லவா?

பல பெயர்களின் ஈற்றில் வரும் 'எஸ்' மகனைக் குறிப்பது. ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகேஸ், பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ், சாஞ்சோவின் மகன் சாஞ்சேஸ். லோபேஸின் மூலமான லோபே என்பதன் வேர் ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல். இதில் வேடிக்கை என்னவென்றால், ரொட்ரிகோவும் பெர்னாண்டோவும் ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்தியர் கொண்டுவந்த பெயர்கள்!

ஆனால் இரு பெயர் முறை 16ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டிருக்கவில்லை. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் வெவ்வேறு பெயர்களைச் சூடினர். பாட்டியின் பெயரையோ, வசதியுள்ள உறவினரின் பெயரையோ எடுத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. இங்கேதான் ஆய்வாளர்கள் இடறினார்கள்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சேர்வாண்டிஸ் பிறந்த ஊர் எது என்ற வாதம் சூடுபிடித்திருந்தது. அரச நூலகரான பிளாஸ் நசாரே, அல்காசார் டி சான் ஹுவான் என்னும் ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1558ஆம் ஆண்டுப் பதிவொன்றைக் கண்டார். குழந்தை மிகேல், தந்தை பிளாஸ் சேர்வாண்டிஸ் சாவேட்ரா, தாய் கத்தலினா லோபேஸ். இரண்டு பெயர்களும் அச்சொட்டாகப் பொருந்தின. மகிழ்ச்சி மேலிட்ட நசாரே, 'டொன் கிஹோட்டே'யின் ஆசிரியர் இவரே என்று ஏட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்தார். சேர்வாண்டிஸ் இடக்கையைப் பாழாக்கிக்கொண்ட லெப்பாந்தோ கடற்போர் நடந்தது 1571இல். அப்போது இந்த மிகேலுக்குப் பதின்மூன்று வயதுகூட நிரம்பியிராது! பெயரின் மயக்கம் கணக்கையும் மறக்கச் செய்துவிட்டது.

உண்மையான பதிவு அல்காலா டி ஹெனாரெஸ் நகரிலிருந்து பின்னர் வெளிவந்தது. 1547 ஒக்டோபர் 9இல் ஞானஸ்நானம் பெற்ற மிகேலின் தந்தை ரொட்ரிகோ, தாய் லியோனோர். தாயாரின் குடும்பப் பெயர் கொர்த்தினாஸ். சாவேட்ரா என்ற பேச்சே அங்கில்லை. அத்தேவாலயம் 1936இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது. பதிவு மட்டும் தப்பியது.

அப்படியானால் சாவேட்ரா எங்கிருந்து வந்தது? தூரத்து உறவினரிடையே அப்பெயர் இருந்தது. அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டுகள் அடிமைச் சிறையிலிருந்து 1580இல் மீண்ட பின்னரே அவர் அதைச் சூடிக்கொண்டார். 'டொன் கிஹோட்டே'யில் வரும் கைதியின் கதையிலும் சாவேட்ரா என்றொரு சிறைப்பட்ட சிப்பாய் தலைகாட்டுகிறான். தம் மகள் இசபெலுக்கும் அதையே கொடுத்தார். தாயைக் காட்டவேண்டிய இடத்தில், சிறையில் பட்ட துன்பத்தைக் காட்டும் பெயரை வைத்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

கடிதம் எழுதிய அன்பருக்கு வருகிறேன். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே மன்னர் என்பதால், இங்கிருந்த போர்த்துக்கேயர் ஆட்சியும் அவர் பெயரிலேயே நடந்தது. ஆனால் நம் கரையோர மக்களுக்குப் பெர்னாண்டோ, பெரேரா என்ற பெயர்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயக் குருமாரின் ஞானஸ்நானத்தோடு வந்தவை, இரத்தத்தோடு வந்தவையல்ல. ஆகவே அன்பருக்கு நான் எழுதிய பதில் கேள்வியாகவே அமைந்தது: "உங்கள் பாட்டியாரின் தாயார் பெயர் என்ன? அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில் எது?" பதில் இன்னும் வந்துசேரவில்லை.