டீசலா, பெட்ரோலா? பெரிய எஸ்யூவி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் மேட்டுக்கும் டீசல் வண்டிதான் சரி, எண்ணெய்ச் செலவும் குறைவு என்பது நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் நெடுநாளாகச் சொல்லப்படும் பேச்சு. இதில் முதல் பாதி இன்றும் உண்மை. இரண்டாம் பாதி 2024 ஜூன் 10ஆம் தேதி மாறிவிட்டது. அன்று தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது மானியம் நிறுத்தப்பட்டது. லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை 3.35 ரிங்கிட்டானது. அதன் பிறகு டீசல் விலை சந்தை நிலவரப்படி வாராவாரம் அறிவிக்கப்படுகிறது.

இந்த மாற்றத்துக்குப் பின் டீசல் எஸ்யூவிகளைக் கைமாற்றி விடுவோர் உண்டு. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோரும் உண்டு. ஏழு, ஒன்பது ஆண்டுகள் தவணை கட்டப்போகும் குடும்பம் இரண்டு வகையின் வேறுபாட்டையும் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

எண்ணெய்ச் செலவு

ஒரே அளவுள்ள இரண்டு பெரிய எஸ்யூவிகளை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டி 12 லிட்டரும் டீசல் வண்டி 9 லிட்டரும் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 180 லிட்டர், டீசல் 135 லிட்டர் தேவை.

பழைய விலையில் ரோன் 95 பெட்ரோல் 2.05 ரிங்கிட். பெட்ரோல் வண்டிக்கு மாதம் 369 ரிங்கிட்டும் டீசல் வண்டிக்கு 290.25 ரிங்கிட்டும் ஆனது. டீசல் விலை 3.35 ரிங்கிட்டான அன்று அதே டீசல் வண்டியின் செலவு 452.25 ரிங்கிட்டாக ஏறியது. முன்பு மாதம் சுமார் 79 ரிங்கிட் மிச்சம் கொடுத்த வண்டி, 83 ரிங்கிட் கூடுதலாகக் கேட்கத் தொடங்கியது.

விலை வாராவாரம் மாறுவதால் ஒரு சுலபக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அளவில் ஓடும் வண்டிகளுக்கு, டீசல் விலை நீங்கள் போடும் பெட்ரோலின் விலையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தால் பெட்ரோலே மலிவு. பெட்ரோல் 1.99 ரிங்கிட் என்றால், டீசல் 2.65 ரிங்கிட்டைத் தாண்டியதும் அதன் ஆதாயம் போய்விடும்.

மானியம் யாருக்கு?

2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தின்கீழ், ஓட்டுநர் உரிமம் வைத்துள்ள மலேசியர்கள் மைகாட்டைக் காட்டி ரோன் 95 பெட்ரோலை 1.99 ரிங்கிட்டுக்குப் போடலாம். தொடக்கத்தில் மாத வரம்பு 300 லிட்டர். 12 லிட்டர் குடிக்கும் வண்டி அதில் 2,500 கிலோமீட்டர் ஓடும். இன்றைய வரம்பை அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஆடம்பர வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டர்போ பெட்ரோல் இயந்திரம் உள்ள ஐரோப்பிய எஸ்யூவிகள் சிலவற்றுக்கு ரோன் 97 போடும்படி தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். ரோன் 97க்கு மானியம் கிடையாது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுவது நல்லது.

டீசல் பக்கம், ஆண்டு வருமானம் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தனியார் வாகன உரிமையாளர்களுக்குப் புடி மடானி வழியாக மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஆனால் பத்தாண்டுக்கு உட்பட்ட ஆடம்பர டீசல் வாகனங்கள் இதில் சேராது. 200 ரிங்கிட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் புதிய ஆடம்பர டீசல் எஸ்யூவி வாங்கக் கூடாது.

இழுவைச் சக்தி

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி பிளக் இல்லை. காற்றை மிகுந்த அழுத்தத்தில் நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிக்கிறது. அதனால் குறைந்த சுழற்சியிலேயே பலமான இழுவை கிடைக்கிறது. மலேசியாவில் விற்கப்பட்ட டொயோட்டா ஃபோர்சூனரே நல்ல எடுத்துக்காட்டு. 2.7 லிட்டர் பெட்ரோல் வகை 4,000 சுழற்சியில் 245 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது. அதைவிடச் சிறிய 2.4 லிட்டர் டீசல் வகை 1,600 சுழற்சியிலேயே 400 தருகிறது.

மழைக்குப் பின் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் மெதுவாக ஏறுவதற்கும், பின்னால் டிரெய்லர் இழுப்பதற்கும், ஏழு பேரோடு புக்கிட் பூத்துஸ் மலைச்சாலையில் போவதற்கும் இந்த வேறுபாடு தெரியும். சிரம்பான் நகரச் சாலையில் அவ்வளவாகத் தெரியாது.

புகை வடிகட்டி

புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. இதை டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியைச் சுமார் 600 பாகை சூட்டில் வண்டி தானாகவே எரித்துவிடும். அதற்கு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மார்க்கெட் போய், ஐந்து நிமிடத்தில் வீடு திரும்பும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. வடிகட்டி அடைத்துக்கொண்டால், சுத்தம் செய்யவோ மாற்றவோ ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவாகும்.

பகாவிலிருந்தோ கெமாசிலிருந்தோ நாள்தோறும் சிரம்பானுக்கோ கோலாலம்பூருக்கோ போய் வருபவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

டீசலிலும் வகை உண்டு

நாட்டில் விற்கும் யூரோ 5 டீசலில் கந்தகம் மிகக் குறைவு. பி10 வகையில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசல் கலந்திருக்கிறது. தோட்டத்தில் வெட்டிய குலையின் ஒரு பங்கு வண்டித் தொட்டிக்கே திரும்பி வருகிறது. சில ஐரோப்பிய தயாரிப்பாளர்கள் 7 விழுக்காட்டுக்கு மேல் கலப்பை ஏற்பதில்லை. அவற்றுக்கு பி7 வகை வேண்டும். அது லிட்டருக்கு 20 சென் கூடுதல். எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. வழக்கமாக எண்ணெய் போடும் நிலையத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

சாலை வரி

தனிநபர் பெயரில் பதியும் எஸ்யூவிக்கு, தீபகற்பத்தில் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. ஃபோர்சூனர் 2.4 டீசலுக்கு ஆண்டுக்கு 754.40 ரிங்கிட், 2.7 பெட்ரோலுக்கு 1,150.40 ரிங்கிட், 2.8 டீசலுக்கு 1,248 ரிங்கிட் வருகிறது. சிறிய டீசல் இயந்திரமே பெரிய பெட்ரோலின் வேலையைச் செய்வதால் இங்கே டீசலுக்கு ஓரளவு ஆதாயம் உண்டு.

பழைய வண்டி வாங்கும்போது

டீசல் வண்டியை இயந்திரம் ஆறியிருக்கும்போதே முடுக்கிப் பார்க்க வேண்டும். கரும்புகை, வெண்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டர், டர்போ போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். நம்பிக்கையான பட்டறையில் கணினிச் சோதனை செய்து, வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டியையே கழற்றிவிட்ட வண்டியாக இருந்தால் விலகிவிடுவது நல்லது.

யாருக்கு எது?

மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் குறைவாக, பெரும்பாலும் நகருக்குள் ஓட்டுபவருக்கு ரோன் 95 ஏற்கும் பெட்ரோல் எஸ்யூவியே பொருத்தம். சுமை இழுப்பவர், தோட்டச் சாலையே தொழிற்சாலையானவர், நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவர் ஆகியோருக்கு டீசல் இன்றும் தகும். முன்பு மலிவான எண்ணெய்க்காக டீசல் வாங்கினார்கள். இப்போது அது செய்யும் வேலைக்காக மட்டுமே வாங்க வேண்டும். அந்த வேலை உங்களுக்கு இல்லையென்றால், மாதாமாதம் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.