துக்கத்துக்கு ஒரு நகை



லண்டனில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, கறுப்பு ப்ரூச் ஒன்றின் படத்தை அனுப்பி, "ஐயா, விக்டோரியா காலத்து ஜெட் நகை என்கிறார்கள். நல்ல விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டாள். பலருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

ஜெட் என்றவுடன் விமானம் நினைவுக்கு வர வேண்டாம். இது கல்லும் அல்ல, மரம்! சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்து இறுகிய மரம். நிலக்கரிக்குத் தூரத்துச் சொந்தம். நம் ஊர்த் தோட்டங்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று அரௌகேரியா வளர்க்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி என்ற ஊரில் கிடைத்த ஜெட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

1861 டிசம்பர் 14 அன்று விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். அரசிக்கு அப்போது வயது 42. 1901-இல் தாம் இறக்கும் வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் கறுப்பு உடையையே உடுத்தினார். நம் பக்கம் கணவர் இறந்தால் பெண்ணின் நகையைக் கழற்றினார்கள். அங்கே துக்கத்துக்கென்றே தனியாக நகை அணிவித்தார்கள். இரண்டிலும் ஊர் பார்த்தது அவள் மனதை அல்ல, அவள் கழுத்தைத்தான்.

அரசி வழியே நாடும் நடந்தது. 1870-களில் விட்பியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். பிறகு ஸ்பெயினிலிருந்து மலிவான மென்மையான ஜெட் வந்தது. அதில் செய்த நகைகள் எளிதில் வெடித்தன. கெட்ட பெயர் விட்பிக்கும் சேர்ந்து வந்தது. போலிகளும் பெருகின, நாகரிகமும் மாறியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இனி அந்த ப்ரூச்சுக்கு வருவோம். கையில் எடுத்தால் ஜெட் எடையே இல்லாதது போல இருக்கும். தொட்டால் சில்லென்று இருக்காது. கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் அது பெரும்பாலும் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் 'பிரெஞ்சு ஜெட்' என்றே பெயர் வைத்து விற்றார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்னொரு போலி, கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான வல்கனைட். இதுவும் எடை குறைவுதான். ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். அச்சில் வார்த்தது என்பதால் விளிம்புகள் மழுங்கித் தெரியும். ஜெட்டைக் கையால் செதுக்குவார்கள். விளிம்புகள் கூர்மையாக இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம் அம்மா, நல்ல நகை பாழாகிவிடும்.

ஒரு சந்தேகம் வரும்: போலி என்றால் மதிப்பே இல்லையா? 150 ஆண்டுப் பழைய வல்கனைட்டும் வரலாறுதான். ஜெட் வாங்க வசதியில்லாத ஏழை விதவையும் அழுதிருக்கிறாள். அவள் அணிந்தது அதைத்தான். ஆகவே வல்கனைட்டை வல்கனைட் விலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஜெட் விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் பழைய நகை ஏதாவது இருந்தால், உருக்கக் கொடுப்பதற்கு முன் அது யாருடையது என்று பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்