ரேஷன் கடையில் விரல்: சேரன்மகாதேவியை முன்வைத்து அடையாளச் சரிபார்ப்பும் அந்தரங்க உரிமையும்

சேரன்மகாதேவியில் ஒருவர் தம் விரலை அரசிடம் கொடுக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று பத்திரப் பதிவு அலுவலகம், மற்றொன்று ரேஷன் கடை. முதலாவதில் இட்ட ரேகை பத்திரத்தோடு பரம்பரைக்கும் இருக்கும். இரண்டாவதில் வைத்த ரேகை சில நொடிகளில் ஆதார் ஆணையத்தின் தரவுத்தளம் வரை போய், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பும். ஒரே விரலை இந்த இரு வேலைகளுக்கும் வைத்துக்கொண்டதுதான் சிக்கலின் வேர் என்பது என் வாதம். பாதுகாப்பு கூடினால் அந்தரங்கம் குறையும், எனவே இரண்டையும் தராசில் நிறுத்த வேண்டும் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. ரேஷன் கடையைப் பொறுத்தவரை அந்தத் தராசே பொருந்தாது. ரேகையை நம்பியதில் இரண்டுமே குறைந்திருக்கின்றன.

ரேகை அரசு ஆவணங்களுக்குள் வந்த வரலாற்றைப் பார்த்தால் இது புரியும். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை ஒப்பந்தத்தின் மேலேயே வாங்கினார். பின்னாளில் அந்த ஆள் ‘நான் ஒப்பவில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதே நோக்கம். 1877இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும் ஓய்வூதியத்துக்கும் அதை அவர் விரிவுபடுத்தினார். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் 2001இல் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு, சொத்து கைமாறும் ஆவணங்களில் புகைப்படத்தையும் ரேகையையும் கட்டாயமாக்கியது. இந்த மரபு முழுவதிலும் ரேகை ஒரு சாட்சி. வில்லங்கம் பார்ப்பவரும் நகல் எடுப்பவரும் வழக்கறிஞரும் காணும்படி வைக்கப்படுவது. மறைத்து வைத்தால் அதற்குப் பயனே இல்லை.

தென்மாவட்டங்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ‘ரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். எந்தக் குற்றமும் செய்யாதவனை முன்கூட்டியே சந்தேகப் பட்டியலில் ஏற்றுவதை அவர்கள் எதிர்த்தார்கள். அந்தரங்க உரிமை மேல்நாட்டு இறக்குமதி என்று சொல்வோர் உசிலம்பட்டிப் பக்கம் ஒருமுறை போய் வரலாம்.

இனி ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017 முதல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. அட்டையை ஸ்கேன் செய்து பில் போட்டார்கள். எந்தக் கடையிலும் பொருள் வாங்கும் முறை 2020 தொடக்கத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 1இல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கூடவே கடைதோறும் ரேகைக் கருவியும் வந்தது. சேரன்மகாதேவி, முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் பெண்களின் பெரிய வீட்டுத் தொழில் பீடி சுற்றுவது. இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நாள்தோறும் நூற்றுக்கணக்கில் சுற்றும் விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்து காலம் கழித்த கைகளுக்கும், வயலில் களை பறிக்கும் கைகளுக்கும் இதே கதிதான். ‘ரேகை விழல, நாளைக்கு வாங்க’ என்றால் அந்த நாளைய கூலி போச்சு. ஆதார் ஆணையமே 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த விளக்கத்தின்படி, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 விழுக்காடுதான். சரிபார்ப்பு தவறினாலும் உணவு மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே எழுதிவிட்டது. அந்தக் கடிதத்தைக் காட்டிச் சண்டை போடும் தெம்பு வரிசையில் நிற்பவருக்கு இருக்க வேண்டுமே.

அதிகாரத் தரப்பின் பதில்: சிரமம் உண்டு, ஆனால் பாதுகாப்பு கிடைக்கிறது. கிடைக்கிறதா? 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளியில் சிம் கார்டு விற்பவர் ஒருவர், பதிவுத் துறை இணையதளத்திலிருந்த பத்திரங்களின் ரேகைகளை எடுத்துப் போலி விரல் அச்சுகள் செய்து இணைப்புகளை உயிர்ப்பித்தது வெளிப்பட்டது. சாட்சியாக இருந்த ரேகையைச் சாவியாக்கியதன் விளைவு அது. திருடுபோன கடவுச்சொல்லை மாற்றலாம், தொலைந்த அட்டைக்கு வேறு அட்டை வாங்கலாம். பெருவிரலுக்கு மாற்று ஏது? 2021இல் தமிழ்நாட்டின் பொது விநியோகத் தரவிலிருந்து ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் உட்பட, வெளியே கசிந்ததாக பெங்களூரு இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே மாதம் எச்சரித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எச்சரிக்கையில் பிழையில்லை, திரும்பப் பெற்றதில்தான் இருந்தது.

அரிசிக் கடத்தலை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் ரேஷன் அரிசியைப் பிடிக்கவே குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை அலைகிறது. ஆனால் ரேகை உறுதிசெய்வது ஆள் வந்தார் என்பதை மட்டுமே. எத்தனை கிலோ நிறுத்தார்கள் என்பதை அது சொல்லாது. கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஜார்கண்ட் ஆய்வு, ஆதார் சரிபார்ப்பால் சராசரியாகக் கசிவு குறையவில்லை என்றும், ஆதார் இணைக்காத குடும்பங்கள் பெற்ற பொருளின் அளவு குறைந்தது என்றும் கண்டது. தமிழ்நாட்டில் பில் போட்டதும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி இதைவிடக் கூர்மையான காவல். வாங்காத சர்க்கரைக்குச் செய்தி வந்தால் அட்டைதாரருக்கே தெரிந்துவிடும். அங்கே கண்காணிக்கப்படுவது கடை.

உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு, அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டமும் நியாயமான நோக்கமும் இருந்தால் மட்டும் போதாது, தலையீடு நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றது. 2018 செப்டம்பர் தீர்ப்பு மானியங்களுக்கு ஆதாரை அனுமதித்தாலும், சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மானியம் வழங்கும் அரசுக்கு ஒப்புதல் கேட்கும் கடமையையே பெரிதும் தளர்த்திவிட்டது. ஆகவே அளவு பற்றிய கேள்வியைக் கடை வாசலில்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு எல்லா இடத்திலும் ஒரே பதில் கிடையாது. திருப்பூருக்கு வேலைக்குப் போன சேரன்மகாதேவிக்காரருக்கு ரேகை உதவுகிறது. குடும்ப அட்டை ஊரில் இருக்கும், அவரோ அங்கே இருப்பார். ஓர் அட்டை இரண்டு ஊரில் இருக்க முடியாது. ஆகவே, தெரியாத கடையில் தன்னை நிரூபிக்க விரலையோ கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ அவரே தேர்ந்துகொள்ளட்டும். சொந்தக் கடையில் நிலைமை வேறு. விற்பனையாளரும் கட்டுநரும் பல ஆண்டுகளாக அறிந்த முகம், கையில் அட்டை. அங்கே கேட்க வேண்டியது ‘நீ யார்’ என்றல்ல, ‘இந்த அட்டைக்கு இந்த மாதம் என்ன பாக்கி’ என்பதே. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோரின் வீட்டுக்கே கருவியும் பொருளும் போகின்றன. அந்த வாசலில் அட்டையை ஸ்கேன் செய்து, எடையை அவர் கண்முன் நிறுத்து, குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். ரேகைக்கு அங்கே வேலையில்லை. அதை விலக்கி வைக்கப் புதுச் சட்டமும் தேவையில்லை, துறையின் ஒரு சுற்றறிக்கையே போதும்.