சி மஹ்மூதின் அரபு: ஒரு பயணியின் மொழிக்கல்வியும் அவர்தம் எழுத்தின் மொழிபெயர்ப்பும்

1901 சனவரி 29 அன்று, அல்ஜீரியப் பாலைவனத்தின் சூஃப் பகுதியிலுள்ள பெஹிமா என்னும் சிற்றூரில், ஒரு வீட்டில் அமர்ந்து இளம் வணிகர் ஒருவருக்கு அவருடைய கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர்மீது வாள்வெட்டு விழுந்தது. தலைக்கு மேலே கட்டியிருந்த கொடி வெட்டின் விசையைக் குறைத்தமையால் உயிர் தப்பியது. இடக்கை முழங்கையில் ஆழமான காயம் ஏற்பட்டது. தாளின்மீது குனிந்திருந்தமையால் வெட்ட வந்தவனை அவர் காணவில்லை. மொழிபெயர்ப்பு இடர் இல்லாத தொழில் என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளலாம். ஆணுடையில் இருந்த அவரை ஊரார் 'சி மஹ்மூது' என்று அழைத்தனர். அவர் ஜெனீவாவில் உருசியத் தாய்க்குப் பிறந்து, இசுலாத்தைத் தழுவிய பெண். பெயர் இசபெல் எபர்ஹார்ட் (1877-1904).

எபர்ஹார்டின் வாழ்க்கை பெரும்பாலும் வீரசாகசக் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாறுவேடம், பாலைவனம், காதல், இளவயதுச் சாவு ஆகியவை ஆசிரியர்களை ஈர்ப்பது இயல்பே. ஆயின் அவர் எம்மொழிகளை எவ்வாறு கற்றார், கற்றவை களத்தில் எவ்வாறு பயன்பட்டன, அவர் எழுதியவை பிறர் கையில் என்னவாயின என்னும் வினாக்கள் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியவை. இக்கட்டுரை அவற்றையே நோக்குகிறது.

எபர்ஹார்ட் பள்ளி சென்றவரல்லர். முன்னாள் பாதிரியாரான அலெக்சாந்தர் திரோஃபிமோவ்ஸ்கி அவருக்கு வீட்டிலேயே கல்வி புகட்டினார். இவரே அவருடைய தந்தை எனப் பலரும் கருதுவர். பிறப்புப் பதிவேட்டில் தந்தை பெயர் இல்லை. பிரெஞ்சும் உருசியமும் வீட்டு மொழிகள். செருமன், இத்தாலியம், இலத்தீன் ஆகியவற்றோடு அரபும் அங்கேயே தொடங்கிற்று. அந்த அரபு நூலரபு. திருக்குர்ஆனைப் படிப்பதற்கான அரபு. பாரிசில் வாழ்ந்த எகிப்திய நாடகாசிரியரும் இதழாளருமான அபூ நத்தாராவுடன் மடல்வழித் தொடர்பு கொண்டு அவர் அதை வளர்த்துக்கொண்டார். 20 வயது நிரம்புவதற்குமுன் அவர் பெற்றிருந்தது, தெருவில் பேசியறியாத, எழுத்திலேயே வாழ்ந்த ஒரு மொழி.

1897 மே மாதம் தாயும் மகளும் அல்ஜீரியாவின் போன் நகருக்கு (இன்றைய அன்னாபா) குடிபெயர்ந்தனர். அங்கு இருவரும் இசுலாத்தைத் தழுவினர். அவ்வாண்டு நவம்பரில் தாய் இறந்தார். 1899 மே மாதம் திரோஃபிமோவ்ஸ்கியும் மறைந்தார். அதன்பின் 22 வயதில் எபர்ஹார்ட் துனிசுக்கும், அங்கிருந்து பிஸ்க்ரா, துக்குர்த் வழியாக எல் உவேத் என்னும் பாலைவன நகருக்கும் சென்றார். அறிவு தேடி மடங்களுக்குச் செல்லும் மஹ்மூது சஅதி என்னும் துனிசிய இளைஞர் என்று தம்மைக் கூறிக்கொண்டார். 'சி' என்பது அங்குப் பெயர்க்கு முன் வழங்கும் மதிப்புச் சொல்.

இவ்வேடம் உடையைப் பொறுத்த வேடம் என்றே பலரும் எழுதியுள்ளனர். அது முதன்மையாக மொழியைப் பொறுத்த வேடம் என்பது என் கருத்து. அரபு இரட்டை வழக்கு மொழி. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தமிழிற்போலவே, சில கூறுகளில் தமிழினும் மிகுதியாக, விலகி நிற்பன. நூலரபை முதலிற் கற்ற ஒருவர் சந்தையில் வாய் திறந்தால் அயலார் என்பது உடனே வெளிப்படும். ஆனால் அவ்வாறு பேசுவது இயல்பாகவே எதிர்பார்க்கப்படும் ஒரு வகுப்பார் அச்சமூகத்தில் இருந்தனர். மடத்து மாணாக்கராகிய தாலிபின் பேச்சில் நூலரபுச் சொற்கள் கலப்பது குறையன்று, பெருமையே. மேலும் அல்ஜீரியத் தெற்கில் தம்மைத் துனிசியர் என்று கூறிக்கொண்டவரின் ஒலிப்பு வேறுபட்டிருந்தால் யாரும் வியப்படையார். தம் மொழியறிவில் இருந்த குறையையே சான்றாக மாற்றும் ஓர் ஆளுமையை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். களப்பணிக்குச் செல்லும் நம் மாணவர்கள் இதில் கற்றுக்கொள்ளத்தக்கது உண்டு: வட்டார வழக்கை அரைகுறையாக நடித்துக் காட்டுவதைவிட, தம் பேச்சுக்குப் பொருந்தும் சமூக இடம் எது என்று அறிந்துகொள்ளல் பெரிதும் உதவும்.

பாலுணர்த்தும் இலக்கணக்கூறு இங்கே தனித்து நோக்கத்தக்கது. செவ்வரபில் முன்னிலை ஆணுக்கு 'அன்த', பெண்ணுக்கு 'அன்தி'; வினைமுற்றும் அவ்வாறே வேறுபடும். துனிஸ் நகரப் பேச்சிலோ 'இன்தி' என்ற ஒரு வடிவமே இருபாலார்க்கும் பொது; வரலாற்று நோக்கில் அது பெண்பால் வடிவம் என்பது சுவையான செய்தி. பாலைவன நாடோடியரின் பேச்சு வகைகளில் முன்னிலைப் பால்வேறுபாடு பொதுவாக நிலைத்துள்ளது. எனவே துனிசில் அவரோடு உரையாடியவர் அவரை ஆணென்றோ பெண்ணென்றோ முடிவு செய்யாமலே பேச இயலும். தெற்கே செல்லச் செல்ல, பேசுபவர் ஒவ்வொரு முன்னிலை வினையிலும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்.

அவர் பெண் என்பதை அறிந்தே பலர் அவரை மஹ்மூது என்று ஏற்றுக்கொண்டனர் என்பது அவரை அறிந்தவர்களின் குறிப்புகளிலிருந்து தெளிவாகிறது. காதிரிய்யா தரீக்காவில் அவர் 1900-இல் சேர்ந்தார். அதன் பெரியோர்களும் அறிந்தே இருந்தனர். அறிந்தும் ஆண்பாலில் விளித்தமை ஏமாற்றுக்கு ஆளானமையன்று. விருந்தினர் தம்மைப்பற்றிக் கூறியதை மறுக்காதிருக்கும் நயத்தக்க நாகரிகம். ஐரோப்பிய அலுவலர்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லை. அவர்களுட் பலர் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி மக்களோடு பேச இயலாதவர்கள். துணையின்றிப் பேச வல்ல, அதுவும் முசுலிமான ஓர் ஐரோப்பியப் பெண்ணை அவர்கள் ஐயுற்றனர். பெஹிமாவில் வெட்டியவன் தீஜானிய்யா தரீக்காவைச் சேர்ந்தவன். 1901 சூன் மாதம் கான்ஸ்தந்தீன் நகரப் படைத்துறை நீதிமன்றம் அவனுக்கு வாழ்நாள் கடுந்தண்டனை விதித்தது. எபர்ஹார்டே அவனுக்காகப் பரிந்து வேண்டியபின் அது 10 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. வெட்டுண்டவரோ அல்ஜீரியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்!

அவ்வாண்டு அக்டோபரில் மார்செய் நகரில், படைவீரரான சுலைமான் எஹ்னியை மணந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றதால் அவர் திரும்பிவர முடிந்தது. மொழி நோக்கில் இத்திருமணத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. அரசு அலுவலகத்தில் செயலராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரியும் 'ஹோஜா' பதவிக்குச் சுலைமானை ஆயத்தப்படுத்த, எபர்ஹார்ட் அவருக்குப் பிரெஞ்சு கற்பித்தார். சுலைமான் 1902-இல் தெனெஸ் நகரில் அப்பதவியை ஏற்றார். அரபைத் தேடி வந்தவர் பிரெஞ்சு ஆசிரியரானார். குடியேற்ற ஆட்சியில் எம்மொழி யாருக்குப் பிழைப்பைத் தந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எபர்ஹார்டின் அரபும் ஆட்சியின் தேவைக்கு வெளியே நின்றதன்று. 1903-இல் தென் ஓரான் எல்லைக்குச் செய்தியாளராகச் சென்ற அவர், படைத்தலைவர் லியோத்தேயின் நட்பைப் பெற்றார். அவருடைய மொழியறிவையும் மடத்துத் தொடர்புகளையும் லியோத்தே மதித்தார். இதை மறைத்து அவரை ஆட்சி எதிர்ப்பாளராக மட்டும் வரைவது வரலாறாகாது.

1904 கோடையில் கெனாத்சா மடத்தில் தங்கியிருந்த அவர் காய்ச்சலுடன் ஐன் செஃப்ராவுக்குத் திரும்பினார். அக்டோபர் 21 அன்று, வறண்ட ஆற்றில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஊரின் தாழ்பகுதியை அழித்தது. மருத்துவமனையிலிருந்து அன்று காலைதான் வெளிவந்திருந்த எபர்ஹார்ட் இறந்தார், வயது 27. லியோத்தேயின் ஆணைப்படி வீரர்கள் சேற்றைக் கிளறி, நனைந்து கிழிந்த கையெழுத்துத் தாள்களைத் திரட்டினர். அவை அல்ஜியர்சில் இதழாசிரியராக இருந்த விக்தோர் பாருக்கானிடம் சேர்ந்தன. அவருடைய 'அல் அக்பார்' இதழில் எபர்ஹார்ட் எழுதி வந்தவர்.

அடுத்து நிகழ்ந்தது பதிப்பியலாருக்கு ஒரு பாடம். 1906-இல் 'இசுலாத்தின் வெம்மையான நிழலில்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளிவந்தது. முகப்பில் இரு பெயர்கள்: எபர்ஹார்ட், பாருக்கான். சிதைந்த இடங்களைப் பாருக்கான் தாமே நிரப்பினார்; சிதையாத இடங்களிலும் அணிநடை சேர்த்தார். கண்டனங்கள் எழுந்தன. பின்வந்த தொகுதிகளில் அவர் கை சற்று அடங்கியது எனினும் முற்றும் விலகவில்லை. தாள்களைக் காத்தவரும் அவரே, கலந்தவரும் அவரே. நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. மேரி ஒதீல் தெலாகூர், ழான் ரெனே யுலே ஆகிய இருவரும் கையெழுத்துப் படிகளுக்குத் திரும்பி 1988 முதல் தொகுதிகளை வெளியிட்ட பின்னரே எது யாருடைய சொல் என்று பிரித்தறிய வழி பிறந்தது. அதற்கு முன்னரே பால் போல்ஸ் 1975-இல் சில படைப்புகளை ஆங்கிலத்தில் தந்துவிட்டார். எபர்ஹார்டை மொழிபெயர்க்க முனைவோர் முதலில் தெளிய வேண்டியது, தம் கையிலுள்ள மூலம் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதே.

எபர்ஹார்டைத் தமிழாக்குவதில் சொற்றொகுதி பெரிய தடையன்று. தரீக்கா, முரீது, ஷைகு, தாலிபு முதலிய சொற்களுக்குப் பிரெஞ்சு வாசகர்க்கு அடிக்குறிப்பு வேண்டும். தமிழ் முசுலிம்களின் வழக்கில் அவற்றிற் பல முன்னரே உள்ளன. காதிரிய்யா மரபு காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அறியப்பட்டதே. படர்க்கையிலும் இடரில்லை, 'அவர்' என்னும் உயர்வுச் சொல் பாலைக் காட்டாது காக்கும். மேலே நானும் அதனையே ஆண்டேன். மடத்துப் பெரியோர் ஆண்பால் விளியால் காட்டிய நாகரிகத்தை நம் மொழி ஈறொன்றால் செய்துவிடுகிறது.

இடர் தன்மையில் உள்ளது. 1900 சனவரி முதல் நாளன்று சார்தீனியத் தீவின் காலியாரியில் தொடங்கிய நாட்குறிப்பின் முதல் வரியிலேயே, தம்மைத் தனித்தவர் என்றும் கடலை நோக்கி அமர்ந்தவர் என்றும் அவர் கூறுகிறார். இரு சொற்களும் ஆண்பால். பிரெஞ்சில் முன்னதன் ஆண்பாலும் பெண்பாலும் ஒலிப்பில் ஒன்றே, எழுத்தில்தான் வேறு. பின்னது செவிக்கும் வேறுபடும். வேறிடங்களில் அவர் பெண்பாலிலும் எழுதுகிறார். இம்மாற்றம் ஆங்கிலத்தில் முற்றும் மறைந்துவிடும். தமிழில் 'தனித்திருக்கிறேன்' என்றால் மறைந்துவிடும்; 'நான் தனியன்' என்றால் தோன்றும். ஆனால் வைணவ மரபறிந்தோர்க்கு அச்சொல் குருவைப் போற்றும் பாடலை நினைவூட்டும். பெண்பால் வருமிடத்தில் 'தனியள்' என்றால் சங்க நடை வந்து ஒட்டிக்கொள்ளும். 'தனியேன்' என்னும் தன்மைக் குறிப்புமுற்று அழகியதாயினும், அவர் முனைந்து எழுதிய வேறுபாட்டை அது விழுங்கிவிடுகிறது. அரபில் எழுதியிருந்தாலும் அவர் 'வஹீத்', 'வஹீதா' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். நான் மொழிபெயர்ப்பதாயின் முதல் வரியில் 'தனியன்' என்றே எழுதுவேன். பெண்பால் வருமிடத்தில், சங்க நடை ஒட்டினும், 'தனியள்' என்பேன்.