சுன்னாகம்: ஒரு சந்தை நகரின் வரலாறும் தொழில்களும்

சுன்னாகம், இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமப் பகுதியின் நடுவே அமைந்த உள்நாட்டு நகரம். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. உடுவில் பிரதேச செயலர் பிரிவைச் சேர்ந்த இந்நகர், வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் தலைமையிடம். குடாநாட்டின் மிகப் பெரிய விளைபொருட் சந்தைகளுள் ஒன்று, வடபகுதிக்கு மின்சாரம் வழங்கிய மின் நிலையம், தமிழ்ப் புலமைக்கும் அச்சுக்கும் பேர்பெற்ற மரபு ஆகிய மூன்றும் சுன்னாகத்தின் அடையாளங்கள். காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகியவை கடலால் வளர்ந்தவை. சுன்னாகமோ நிலத்தடி நீராலும் வீதிச் சந்தியாலும் வளர்ந்த ஊர்.

நிலமும் நீரும்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரிகாலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு, சுன்னாகத்துக்கு மேற்கே கந்தரோடை வழியாகத் தென்மேற்குக் கடனீரேரியைச் சென்றடைகிறது. நிலத்தின் அடியில் உள்ளவை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கற்படைகள். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் இறங்கித் தேங்குகிறது. கடல்நீருக்கு மேலே மிதக்கும் இந்த நன்னீர்ப் படுக்கையே மக்களுக்குக் குடிநீர். தோட்டங்களுக்குப் பாசனமும் அதுவே.

அதற்கு மேலே வலிகாமத்தின் செம்மண் பரந்திருக்கிறது. முற்காலத்தில் துலா மிதிக்க ஒருவரும் பட்டை பிடிக்க ஒருவரும் வாய்க்காலில் தண்ணீர் கட்ட ஒருவருமாக விடியற்காலையிலேயே இறைப்புத் தொடங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. பின்னர் மின் மோட்டார்களும் வந்தன. சிறு காணித்துண்டில் புகையிலை, மிளகாய், வெங்காயம், மரக்கறி என்று மாற்றி மாற்றிப் பயிரிட்டு, ஆட்டெருவும் குழையும் தாழ்த்து மண்ணை வளப்படுத்திய கமக்காரரின் உழைப்பே சுன்னாகச் சந்தைக்கு அடித்தளம்.

கந்தரோடை: தொல்குடியிருப்பு

நகரை ஒட்டியுள்ள கந்தரோடை, குடாநாட்டின் மிகப் பழைமையான குடியிருப்புகளுள் ஒன்று. போல் ஈ. பீரிஸ் 1917 முதல் 1919 வரை இங்கு மேற்கொண்ட ஆய்வுகளில் முத்திரை குத்திய நாணயங்கள், உரோம நாணயங்கள், சுண்ணக் கற்களாலான சிறு தூபிகள் முதலியவை வெளிப்பட்டன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு நடத்திய அகழாய்வில் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. தமிழகத்தின் பெருங்கற்காலப் பண்பாட்டோடு இப்பகுதிக்கு இருந்த நெருங்கிய தொடர்பை அவை காட்டின. ரூலெட் வகை மட்பாண்டங்களும் அயல்நாட்டு நாணயங்களும், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த இவ்வூர் இந்துமாகடல் வணிகத்தோடு இணைந்திருந்ததற்குச் சான்று.

முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில், மரபு கூறும் கதிரமலை என்னும் தலைநகர் கந்தரோடையே என்று வாதிட்டார். சுன்னாகத்திலுள்ள கதிரமலைச் சிவன் கோவில் அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

புலவர் மரபு

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்த வரத பண்டிதர் சுன்னாகத்தைச் சேர்ந்தவர். சிவராத்திரிப் புராணம், ஏகாதசிப் புராணம், பிள்ளையார் கதை ஆகியவற்றோடு அமுதாகரம் என்னும் மருத்துவ நூலையும் இயற்றியவர். பிள்ளையார் கதை படிக்கும் வழக்கம் யாழ்ப்பாணக் கோவில்களில் இன்றும் தொடர்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுன்னாகம் முருகேச பண்டிதரிடம் பயின்றவர் அ. குமாரசாமிப் புலவர் (1854–1922). இலக்கியச் சொல்லகராதி, வினைப்பகுபத விளக்கம், தமிழ்ப்புலவர் சரித்திரம் ஆகியவை அவருடைய ஆக்கங்களில் சில. அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். ஆசிரியர் வாழ்ந்த ஊரின் அச்சகத்திலேயே மாணவரின் தொல்காப்பியப் பதிப்பு பின்னாளில் வெளிவந்தது, ஏட்டுப் புலமையும் அச்சுத் தொழிலும் ஒரே ஊரில் கைகோத்ததற்கு எடுத்துக்காட்டு.

கல்வி நிலையங்களும் இச்சூழலில் எழுந்தன. கந்தையா உபாத்தியாயர் 1894இல் தொடங்கிய பாடசாலை ஸ்கந்தவரோதயாக் கல்லூரியாக வளர்ந்தது. நகருக்குத் தெற்கே மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார்.

சந்தையும் புகையிரதமும்

காங்கேசன்துறை வீதியை அளவெட்டி, புத்தூர்ப் பக்கங்களிலிருந்து வரும் வீதிகள் சந்திக்கும் இடத்தில் சுன்னாகச் சந்தை அமைந்தது. சுற்றுக் கிராமங்களின் விளைவு முழுவதும் இங்கு வந்து சேர்வது இயல்பாயிற்று. ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன், ஊரெழு, உடுவில், அளவெட்டி ஆகிய ஊர்களின் கமக்காரர் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் பின்னர் லான்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்திலும் பொருள் கொண்டுவந்தனர்.

1902 மார்ச் மாதம் சாவகச்சேரி முதல் காங்கேசன்துறை வரையிலான புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது சுன்னாகத்துக்கும் நிலையம் கிடைத்தது. 1905இல் பாதை தென்னிலங்கையோடு முழுமையாக இணைந்ததும் இங்கு கட்டிய வெங்காயமும் மிளகாயும் மறுநாளே கொழும்பில் விற்கக்கூடிய சரக்காயின. பனங்கிழங்கு, ஒடியல், பனாட்டு போன்ற பனம்பொருட்களும், கடகம், பெட்டி, பாய் முதலிய ஓலைப் பொருட்களும், கோடையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் சந்தையில் குவிந்தன.

சந்தையின் பொற்காலம் 1970களின் முற்பகுதி. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாடு முழுவதும் யாழ்ப்பாண விளைச்சலை எதிர்பார்த்தது. கமக்காரர் கையில் பணம் புழங்கியது. பலர் கல்வீடு கட்டினர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் இறங்கியபோது அந்த வளம் சுருங்கியது.

சந்தையைப் பிரதேச சபை குத்தகைக்கு விடுகிறது. மொத்த விற்பனையில் நீண்டகாலமாக இருந்துவந்த வழக்கம், கொண்டுவரும் எடையில் நூற்றுக்குப் பத்து வீதத்தைக் 'கழிவு' என்று கழித்துக்கொள்வது. வாடலுக்கும் அழுகலுக்கும் ஈடு என்று வியாபாரிகள் சொன்னாலும், அந்த இழப்பு முழுவதும் விளைவித்தவன் தலையிலேயே விழுந்தது. அதை நிறுத்தும்படி கமக்காரர் விடுத்த கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

அச்சும் ஈழகேசரியும்

குரும்பசிட்டியைச் சேர்ந்த நா. பொன்னையா சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நடத்தினார். அங்கிருந்து 1930இல் அவர் தொடங்கிய ஈழகேசரி வார இதழ் 1958 வரை வெளிவந்தது. சோ. சிவபாதசுந்தரம், இராஜ அரியரத்தினம் போன்றோர் அதன் ஆசிரியப் பொறுப்பை வகித்தனர். இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் ஆகிய ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளுக்கு இவ்விதழ் களம் கொடுத்தது. இளம் எழுத்தாளரையும் அது தேடி வளர்த்தது.

கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியம் எழுத்ததிகாரம் 1937இலும் சொல்லதிகாரம் 1938இலும், பொருளதிகாரம் 1940களில் இரு பகுதிகளாகவும் பொன்னையாவின் முயற்சியால் வெளிவந்தன. தமிழகத்து அறிஞரும் மதித்த இப்பதிப்பு, தலைநகரையோ துறைமுகத்தையோ சாராத ஒரு சந்தை ஊரில் உருவானது. கணக்கேடும் விளம்பரத் துண்டும் அடித்த இயந்திரங்களிலேயே இலக்கணப் பேரிலக்கியமும் அச்சேறியது என்பது சுன்னாகத் தொழில் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம்.

மின் நிலையம்

1950களின் பிற்பகுதியில் சுன்னாகத்தில் டீசல் மின் நிலையம் செயற்படத் தொடங்கியது. வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் நீரிறைப்புக்கும் அதன் மின்சாரம் பயன்பட்டது. பின்னர் குடாநாடு தேசிய மின்வலையுடன் இணைக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் அந்த இணைப்பு அறுந்தபின் 1990களில் யாழ்ப்பாண மக்கள் பல ஆண்டுகள் மின்சாரமின்றியே வாழ்ந்தனர்.

1996க்குப் பிறகு தனியார் நிறுவனங்களின் மின்பிறப்பாக்கிகளும் சுன்னாகத்தில் இயங்கின. 2013 ஜனவரியில் இலங்கை மின்சார சபையின் 24 மெகாவாட் கொள்ளளவுடைய உத்துரு ஜனனி மின் நிலையம் திறக்கப்பட்டது. கிளிநொச்சி வழியான உயரழுத்த மின்கம்பித் தொடர் சுன்னாகம் வரை வந்ததும், குடாநாடு மீண்டும் நாட்டின் மின்வலையோடு சேர்ந்தது.

போர்க்காலம்

1990 ஜூனில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ அனைவரும் போரால் ஓரிரவில் குடாநாட்டின் கிழக்கே உள்ள தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது சுன்னாகமும் வெறுமையாயிற்று. 1996 ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் திரும்பத் தொடங்கினர். 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டதும் விளைபொருள் வெளியே போக வழியில்லாமல் விலை வீழ்ந்தது. வெளியிலிருந்து வரவேண்டிய உரமும் எரிபொருளும் அரிதாயின. எனினும் சந்தை கூடியது. குடாநாட்டு மக்கள் உண்ட மரக்கறியில் பெரும்பகுதியை விளைவித்தது இச்செம்மண்தான். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் சுன்னாகம் வழியாகக் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

நிலத்தடி நீர் மாசடைதல்

மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் இது பெரும் மக்கள் பிரச்சினையாயிற்று. கிணறு இருந்தும் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் மழைநீரை எவ்வளவு விரைவாக உள்ளே இறக்குகின்றனவோ, அவ்வளவு விரைவாகக் கழிவையும் இறக்கிவிடும். மண்ணால் வடிகட்டப்படாமல் அது கிணற்றுக்குக் கிணறு பரவக்கூடியது.

இதுபற்றிய அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இலங்கையில் வலியுறுத்திய முக்கியமான தீர்ப்பு இது. செயற்கை உரத்தின் மிகையால் வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிவருவதையும் ஆய்வாளர் பல பத்தாண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றனர்.

இன்றைய நிலை

முன்னர் பட்டின சபையாக இருந்த சுன்னாகம் இன்று பிரதேச சபை நிர்வாகத்தின் கீழ் உள்ளது. வங்கிகள், கடைத்தொகுதிகள், பொது நூலகம், புகையிரத நிலையம் ஆகியவற்றோடு வலிகாமத்தின் வணிக நடுவமாக விளங்குகிறது. மருதனார்மடமும் திருநெல்வேலியும் போட்டிச் சந்தைகளாக வளர்ந்துள்ளபோதும் சுன்னாகச் சந்தையின் மொத்த வியாபாரம் தொடர்கிறது.

சுன்னாகத்துக்கு வாழ்வு தந்த மூலப்பொருள் ஒன்றே, அது கிணற்று நீர். புதிய தொழிற்சாலையோ மின் திட்டமோ இங்கு வரும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அதன் கழிவு எங்கே போகும் என்பதுதான். அக்கேள்வியைக் கேட்கும் அதிகாரமும் நீரைத் தொடர்ந்து சோதிக்கும் பொறுப்பும் உள்ளூராட்சி மன்றத்திடமும் மக்களிடமும் உறுதியாக இருந்தால், சந்தையும் தொழிலும் இந்நகரில் ஒன்றாக வாழ முடியும்.