காரைக்கால் – விமானத் தொலைவும் பயண நேரமும்

பயணிகள் விமானப் போக்குவரத்து இல்லாத காரைக்காலுக்குத் திருச்சிதான் வழக்கமான பன்னாட்டு வாசல். தஞ்சாவூர் வழியாகச் சாலையில் சுமார் 150 கி.மீ.; மூன்று மணி நேரமாவது ஆகும். திருச்சியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கி.மீ., கொழும்பு 415 கி.மீ.; இரண்டும் ஒரு மணி நேரப் பறப்பு. அதாவது, விமான நிலையத்தை எட்டும் நேரத்துக்குள் கொழும்புக்கே போய்த் திரும்பிவிடலாம்!

சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ.; நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சிங்கப்பூர்க் கடிகாரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே, பயணச்சீட்டின்படி போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்பதுபோலத் தோன்றும். சீட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்களே. இரண்டையும் நேரடியாகக் கழித்துப் பார்க்கக் கூடாது.