காரணம் கேளாத இரக்கம்



கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள நமது கள்ளக்குறிச்சியில் கருணாபுரம் என்றொரு பகுதி உண்டு. 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது நாடெங்கும் அப்பெயர் அறியப்பட்டது. இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 இலட்சம் ரூபாய் அறிவித்ததும், "குடித்துச் செத்தவர்களுக்கு எதற்கு இரக்கம்?" என்ற பேச்சு எழுந்தது. ஆலயத்துக்கு வருகிறவர்களும் அப்படிப் பேசக் கேட்டேன்.

இக்கேள்வி மிகப் பழமையானது. இலத்தீனில் இரக்கத்திற்கு 'மிசெரிகோர்தியா' என்று பெயர். 'மிசெர்' துயருற்றவர், 'கோர்' இருதயம். கி.பி. 55 அளவில் நீரோ மன்னனுக்காக நூல் எழுதிய செனெக்கா, தயவைப் புகழ்ந்தார். மிசெரிகோர்தியாவையோ மனத்தின் குறைபாடு என்றார். அது ஒருவனுடைய துன்பத்தைப் பார்க்கிறதேயன்றி, அதன் காரணத்தைப் பார்ப்பதில்லையாம். ஞானி உதவி செய்வான், உள்ளம் கலங்கமாட்டான் என்பது அவர் கொள்கை. பவுல் அத்தேனே பட்டணத்தில் சந்தித்த ஸ்தோயிக்கர் மரபைச் சேர்ந்தவர் அவர்.

இலத்தீன் வேதாகமமோ, தேவனுடைய இரக்கத்தைச் சொல்ல அந்தக் 'குறைபாட்டின்' பெயரையே எடுத்துக்கொண்டது! பிறர் துயருக்காக நம் இருதயம் வருந்தி, இயன்றவரை உதவும்படி நம்மை நெருக்குவதே அது என்று ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் ஸ்தோயிக்கருக்கு மறுமொழி கூறினார்.

இலத்தீனின் மகள்மொழிகளில் இச்சொல்லின் பயணம் விந்தையானது. இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் எழுத்து மாறாமல் நின்றது. (ருமேனியரின் அன்றாடப் பேச்சில் மட்டும் ஸ்லாவிய மொழியிலிருந்து வந்த வேறொரு சொல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.) பிரெஞ்சில், போர்க்களத்தில் குற்றுயிராய்க் கிடந்த வீரனை முடித்துவைக்கும் குறுவாளுக்கு 'மிசெரிகோர்த்' என்று பெயரிட்டார்கள். இருதயம் என்ற சொல் வாளுக்குள் போன கதையை நான் முதலில் படித்தபோது நம்ப மனம் வரவில்லை. அதே பெயர், மடாலயங்களில் நெடுநேரம் நின்று ஜெபிப்போர் சாய்ந்துகொள்ளும் சிறு பலகைக்கும் உண்டு.

போர்த்துக்கீசியர் அச்சொல்லை நிறுவனமாக்கினர். 1498-இல் அரசி லியோனோர் லிஸ்பனில் தொடங்கிய 'மிசெரிகோர்தியா' சகோதர சங்கம் பசித்தோருக்கு உணவளித்தது, கைதிகளைச் சந்தித்தது, நாதியற்றோரை அடக்கம் செய்தது. கோவாவிலும் கொச்சியிலும் அவ்வகைச் சங்கங்கள் எழுந்தன.

நமது தமிழ் வேதாகமத்தில் 'மனதுருகி' என்ற சொல்லைக் காண்கிறோம். அங்கும் இருதயம் இருக்கிறது, உருகும் நிலையில். நல்ல சமாரியன் உவமையில் அச்சமாரியன் மனதுருகுகிறான். முடிவில் நியாயசாஸ்திரி அவனை இரக்கஞ்செய்தவன் என்கிறான். இலத்தீனிலும் அவ்வாறே, உணர்வின் பெயரோடு 'செய்தான்' என்ற வினை சேர்ந்து நிற்கிறது.

கள்ளர் கையில் அகப்பட்ட அந்த மனுஷன் எதற்காக எரிகோவுக்குப் போனான் என்பதை உவமை எங்கும் கூறவில்லை. சமாரியனும் கேட்கவில்லை.